கால்ட்பாக்கிற்கு எத்தனை நட்சத்திரம்

கதிர்காமநாதன் பிறந்த குடாநாட்டில் ஆறு கிடையாது. மாரியில் வெள்ளவாய்க்கால் ஓடும். தை பிறந்தால் அதே வாய்க்காலில் சைக்கிள் ஓடும். கோண்டாவிலில் அவர் கண்ட மிக நீண்ட நீரோட்டம், கிணற்றடியிலிருந்து வாழைக்குப் போன தண்ணீர்தான். அப்படிப்பட்டவர் ஜேர்மனியில், கறுப்புக் காட்டின் வடக்கு ஓரத்தில், கால்ட்பாக் என்ற மலை ஓடைக்குப் பத்தொன்பது வருடங்களாகத் தரம் போட்டுவந்தார். இதில் அவருடைய குற்றம் மிகக் குறைவு.

குற்றம் முழுவதும் அந்த ஊர் மீன்பிடிச் சங்கத்தினுடையது. 2006ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓடைக் கண்காணிப்பாளர் பதவிக்கு ஆள் கேட்டபோது, முப்பத்தொரு உறுப்பினர்களும் ஒரே நேரத்தில் தங்கள் பியர்க் குவளைகளுக்குள் எதையோ தேடத் தொடங்கினார்கள். பனி கரைந்து வரும் தண்ணீரில் முழங்கால்வரை நின்று கல் புரட்டுகிற வேலை அது. கதிர்காமநாதன் அப்போது குசினியில் கோப்பி போட்டுக்கொண்டிருந்தார். தட்டோடு அவர் திரும்பி வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். கோப்பிக்குத்தான் என்று நினைத்து அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று கூட்டக்குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். சங்கத் தலைவர் ஹேர் ஹூபர், இளைப்பாறாத காலத்தில் காப்புறுதி முகவராக இருந்தவர், அடுத்த வாரமே உள்ளூர்ப் பத்திரிகைக்கு அவரை அறிமுகம் செய்துவைத்தார்: "ஆறுகள் நிறைந்த இலங்கையிலிருந்து எங்களுக்குக் கிடைத்த தண்ணீர் நிபுணர்."

நிபுணருடைய உண்மையான தொழில் திருகாணி. பக்கத்து ஊர்த் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பகுதியில் வேலை. பெட்டிக்கு இத்தனை ஆணி என்று எடுத்து அளப்பார்; தலைமயிரின் தடிப்பில் கால்வாசி பிழைத்தாலும் பெட்டி வந்த வழியே திரும்பிப் போகும். 1986இல் கிழக்கு பேர்லின் வழியாக வந்து, எந்த மாநிலத்துக்கு எத்தனை அகதி என்ற பங்கீட்டில் இந்தப் பக்கம் அனுப்பப்பட்டவர். தானே சில காலம் ஒரு பட்டியலில் இலக்கமாக இருந்து பழகியதாலோ என்னவோ, அளவுகளில் அவருக்கு மரியாதை இருந்தது. ஓடையையும் ஆணியைப்போலவே அளக்கத் தொடங்கினார். சொல்லித்தர யாரும் இல்லை. சங்கத்து அலுமாரியில் யாரும் திறக்காத கைநூல்கள் ஒரு அடுக்கு இருந்தன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு குளிர்காலம் அவற்றை வாசித்தார்.

வாசித்ததில் ஒன்று விளங்கியது: இந்த நாட்டில் ஓடை தானாக ஓடிவிட முடியாது. தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்பதற்கு நான்கு வகுப்பு, இடையில் அரை வகுப்புகளும் உண்டு. கரையை மனிதன் எவ்வளவு கெடுத்திருக்கிறான் என்பதற்கு ஏழு வகுப்பு. மொத்த உடல்நலத்துக்கு ஐந்து. எந்த மீன் எங்கே குடியிருக்கத் தகும் என்று மலையிலிருந்து கடல்வரை வலயங்கள் பிரித்து, உச்சியிலிருக்கும் முதல் வலயத்தை ட்ரவுட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஃபொரெல்ல என்று இங்கே சொல்வார்கள். குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த, கூழாங்கல் அடியுள்ள தண்ணீர் இல்லாவிட்டால் குஞ்சு வைக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிற மீன். எல்லா மனிதரும் சமம் என்று சட்டத்தில் எழுதிவிட்டவர்கள், வகுப்புப் பிரிக்கிற ஆசையை ஓடைகளில் தீர்த்துக்கொண்டார்கள்.

கருவிகளை அவர் முழுதாக நம்பவில்லை. வெப்பமானி அந்த நிமிடத்தைத்தான் சொல்லும். கல்லுக்கடியில் மாதக்கணக்காகக் குடியிருக்கும் பூச்சி நடந்தது முழுவதையும் சொல்லும். அதனால் வருடத்தில் இரண்டு தடவை, குறித்த ஐந்து இடங்களில், இடத்துக்குப் பத்துக் கல் புரட்டினார். வாலில் இரண்டு இழையுள்ள தட்டையான பூச்சிக்குஞ்சு ஒன்று உண்டு. தண்ணீர் கொஞ்சம் கெட்டாலே முதலில் காணாமல் போவது அதுதான். அது எத்தனை என்று எண்ணினார். டிசம்பரில் கரையோரமாக மேலே நடந்து, ட்ரவுட் வாலால் விசிறிப் பறித்து முட்டையிட்ட பள்ளங்களை எண்ணினார். இருண்ட ஓடையடியில் அவை வெளிறிய தட்டங்கள்போல் தெரியும். ஓடையின் மேல் இரண்டு கிலோமீற்றரில் முதல் வருடம் பதினொரு பள்ளம். 2024இல் அறுபத்துநான்கு.

இடையில் அவர் செய்த பெரிய காரியம், அந்த இரண்டு கிலோமீற்றருக்குள் பண்ணை மீனைக் கொண்டுவந்து கொட்டவிடாமல் பார்த்துக்கொண்டதுதான். அது ஒன்றும் வீரமல்ல. மேலே போகும் பாதை செங்குத்து. சங்க உறுப்பினர்களின் முழங்கால்கள் அவர் பக்கம் இருந்தன.

அறுபத்துநான்கு பள்ளத்தைப்பற்றிக் கேட்க ஊரில் ஆள் இல்லாதபடியால், கார்ல்ஸ்ரூஹேயில் தமிழ்க்கடை வைத்திருக்கும் இராசலிங்கத்திடம் சொன்னார்.

"முதலாம் வகுப்பெண்டு சொல்லுறியள், அண்ணை. மீன் எவ்வளவு நீளம்?"

"அநேகமா இருவத்திரண்டு சென்ரிமீற்றர்."

"இருவத்திரண்டோ. எங்கட பக்கம் உதைக் கருவாட்டுக்கும் எடாயினம்."

"வகுப்பு ஓடைக்கு, மீனுக்கில்லை."

"அப்ப ஓடையைக் காய்ச்சிக் குடிக்கிறதுதான்," என்று சொல்லிவிட்டு இராசலிங்கம் அடுத்த ஆளுக்கு முருங்கைக்காய் நிறுத்தார்.

இராசலிங்கம் சொன்னதைத்தான் சங்க உறுப்பினர்களும் ஜேர்மன் மொழியில் சொல்லிவந்தார்கள். இருபத்தைந்து சென்ரிமீற்றருக்குக் குறைந்த ட்ரவுட்டைச் சட்டப்படி கொண்டுபோக முடியாது. பத்து மீன் தூண்டிலில் வந்தால் ஒன்பதைத் திரும்ப விடவேண்டும். தண்ணீரில் வகுப்பு முதலாவது, பையில் மீன் இல்லை. இதற்கு ஒரு முடிவு கட்டவென்றே சென்ற வருடம் மாசி மாதம் நட்சத்திரம் வந்து சேர்ந்தது.

பிரதேச சுற்றுலா ஒன்றியம் விருந்தினர்கள் மீன்பிடிக்கத் தகுந்த ஓடைகளைத் தரப்படுத்தப் போகிறதாம். ஹேர் ஹூபர் படிவத்தை நிர்வாகக் கூட்டத்தில் வாசித்தார். மொத்தம் நூறு புள்ளி. வாகனத் தரிப்பிடத்துக்கு இருபது. பாதைக்கும் கரையிலுள்ள வாங்குகளுக்கும் பதினைந்து. மீனின் அளவுக்கு இருபத்தைந்து. பிடித்த மீனின் சுவைக்கும் உபசரிப்புக்கும் இருபத்தைந்து. காட்சிக்குப் பத்து. தண்ணீருக்கு ஐந்து.

"தண்ணீருக்கு ஐந்தா?" என்று கதிர்காமநாதன் கேட்டார்.

"தெளிவாக இருக்கிறதா, இல்லையா. ஆம் என்றால் ஐந்து," என்றார் ஹூபர். "உனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும், கதிர். நம்மிடம் ஆம்தான்."

"வாங்குக்கு அதைவிட மூன்று மடங்கு."

"தண்ணீரில் யாரும் உட்காருவதில்லையே."

அறுபத்தைந்து புள்ளிக்கு மேல் மூன்று நட்சத்திரம், ஐம்பதுக்கு மேல் இரண்டு, முப்பத்தைந்துக்கு மேல் ஒன்று. இரண்டு நட்சத்திரத்துக்குக் குறையாத ஓடைகளுக்கு, கோடை தொடங்குமுன் ஒன்றியமே பண்ணையிலிருந்து லொறியில் மீன் அனுப்பும். விருந்தினருக்குப் பிடித்த அளவில், ஒவ்வொன்றும் அரைக் கிலோ, ஓடை முழு நீளத்துக்கும். மேலே போகும் பாதையையும் அதற்காகவே லொறி ஏறும்படி அகலமாக்கித் தருவார்கள்.

கதிர்காமநாதன் எழுந்து, அரைக் கிலோ மீன் வந்தால் மேல் ஓடையில் அந்த வருடத்துக் குஞ்சு ஒன்றும் மிஞ்சாது, இரண்டு வருடத்தில் எண்ணுவதற்குப் பள்ளம் இருக்காது என்று சொன்னார். சொல்லி, பதினெட்டு வருட அட்டவணையையும் காட்டினார். எல்லோரும் மிகுந்த மரியாதையோடு பார்த்தார்கள். பிறகு வாக்கெடுத்தார்கள். ஒன்றுக்கு ஆறு.

பரிசோதனை நாள் மே மாதத்தில். பரிசோதகர் அந்த ஓடையிலேயே பிடித்த மீனை உள்ளூர்ச் சமையலில் உண்டு பார்க்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஹூபரின் மனைவி தன்னால் முடியாது என்று உடனே சொல்லிவிட்டார். ஹூபர் கதிர்காமநாதனிடம் வந்தார்.

"உன் மனைவி சமைக்கட்டும்."

"விதியில் உள்ளூர்ச் சமையல் என்று இருக்கிறது."

"நீ முப்பத்தொன்பது வருடமாக இங்கே இருக்கிறாய். உள்ளூர் இல்லையென்று யார் சொன்னது?"

சொன்னவர்களில் ஹூபரும் ஒருவர். ஆனால் அவருக்கு அது தேவைப்படாத நாளாக இருந்தது.

அவர் மனைவி தேவமலர் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருபத்தொரு வருடமாக வேலை செய்கிறவர். அங்கே நாளுக்கு நூற்றுநாற்பது பேருக்கு உப்பில்லாமல், உறைப்பில்லாமல், பல்லுக்கு வேலையில்லாமல் சமைப்பார். அதனால் வீட்டுச் சட்டியைப் பற்றி அவருக்குச் சில உறுதியான கொள்கைகள் இருந்தன. கதிர்காமநாதன் மூன்று காலை ஓடையில் நின்று, சட்ட அளவைத் தாண்டிய ஆறு ட்ரவுட்டைப் பிடித்தார். ஒவ்வொன்றையும் அளந்து கொப்பியில் எழுதினார். சிறியது இருபத்தைந்து தசம் இரண்டு. கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தார்.

"இந்தச் சேத்து மீனையோ குழம்பு வைக்கச் சொல்லுறியள்?"

"சேத்து மீனில்லை, மலர். கல்லிலயும் தண்ணியிலயும் வாழுறது. மணந்து பாரும்."

தேவமலர் மணந்து பார்க்கவில்லை. "ஓம், வைச்சிட்டுப் போங்கோ," என்றார்.

முப்பத்துநான்கு வருடத் திருமண வாழ்வில், தேவமலர் சொல்லும் 'ஓம்' பலவகைப்படும் என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். ஓடைக்கு இத்தனை வகுப்புத் தெரிந்தவர், வீட்டிலிருந்த ஒரு சொல்லை ஒரே வகுப்பில் போட்டு வைத்திருந்தார்.

பரிசோதகர் ஃப்ராவ் வென்ட் என்ற பெண்மணி வெள்ளைச் சப்பாத்தோடு வந்தார். பண்ணைக்காரர் ஒருவரின் புல்வெளியைத் தரிப்பிடமாகக் காட்டினார்கள், பன்னிரண்டு புள்ளி. மூன்று வாங்குகள், அதில் இரண்டில் ஈரப் பெயின்ற், ஒன்பது புள்ளி. மேல் ஓடைக்குச் சப்பாத்து ஒத்துவராதபடியால் அதைக் கீழே நின்றே பார்த்து, காட்சிக்கு ஒன்பது போட்டார். கதிர்காமநாதன் ஒரு கல்லைப் புரட்டி இரண்டு வால் பூச்சியைக் காட்டினார். "கடிக்குமா?" என்று கேட்டார் ஃப்ராவ் வென்ட். கடிக்காது என்றதும், அதற்குப் படிவத்தில் இடமில்லை என்றார். தண்ணீருக்கு ஐந்து. மீனின் அளவுக்கு அவர் மனமிரங்கி எட்டு.

பிறகு சங்க மண்டபத்தில் சாப்பாடு. தேவமலர் பழப்புளியும் தேங்காய்ப்பாலும் வெந்தயமும் விட்டு, கறித்தூளை விருந்தினருக்காக அரைவாசியாக்கி வைத்த குழம்பு மேசைக்கு வந்தது. மண்டபம் முழுக்க வாசம். மேசையில் ஃப்ராவ் வென்ட், ஹூபர், கதிர்காமநாதன் மூவரும்தான், தேவமலர் பரிமாறினார்.

கதிர்காமநாதன் ஒரு துண்டைப் பிட்டார். சதை தடித்த இதழ்களாகக் கழன்றது. நடுமுள்ளில் விரல் பட்டது. ட்ரவுட்டின் நடுமுள் ஈர்க்குப்போல இருக்கும். இது அவர் தொழிற்சாலையில் அளக்கிற ஆணியளவு இருந்தது. வாயில் வைத்துப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் வைத்துப் பார்த்தார். பாரை. உறைகுளிர்ப் பெட்டியிலிருந்து வந்த, நல்ல, கடல் பாரை.

மனைவியை நிமிர்ந்து பார்த்தார். தேவமலர் ஹூபருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"உடனே தெரிகிறது," என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார் ஃப்ராவ் வென்ட். "இதுதான் குளிர்ந்த மலைத் தண்ணீரின் சுவை. பண்ணை மீனில் இந்த உறுதி வராது."

"நான் ஐம்பது வருடமாக இந்த ஓடை மீன் சாப்பிடுகிறவன்," என்றார் ஹூபர். "கண்ணைக் கட்டிவிட்டுத் தந்தாலும் கால்ட்பாக் மீன் என்று சொல்லிவிடுவேன்."

கதிர்காமநாதனுக்குப் புரையேறியது. தேவமலர் தண்ணீரை நகர்த்தி வைத்து, "மெல்லமாச் சாப்பிடுங்கோ, முள்ளிருக்கு," என்றார் தமிழில்.

"என்ன சொல்கிறார்?" என்று ஃப்ராவ் வென்ட் ஆவலாகக் கேட்டார்.

"முள் இருக்கிறதாம்," என்று அவர் மொழிபெயர்த்தார். அன்று மண்டபத்தில் சொல்லப்பட்ட ஒரே பிழையில்லாத தகவல் அதுதான்.

சுவைக்கும் உபசரிப்புக்கும் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. படிவத்தின் அடியில் ஒரு வரி: பரிமாறப்பட்ட மீன் இந்த ஓடையில் பிடிக்கப்பட்டது என்பதைக் கண்காணிப்பாளர் உறுதிப்படுத்துகிறார். ஹூபர் பேனையை மூடி கழற்றி அவர் கையில் கொடுத்தார். தேவமலர் முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த முதுகை எல்லோர் முன்னாலும் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரு பூச்சியைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவர், கையெழுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்பே கேட்டார்.

"மலர், நீர் எனக்கு ஒரு உண்மை சொல்லவேணும்."

"பாரை. இராசலிங்கம் அண்ணையின்ர கடை. வேறென்ன?"

"நான் ஆறு ஃபொரெல்ல தந்தனான்."

"கீழ்வீட்டு ஃப்ராவ் ஷுஸ்டருக்குக் குடுத்திட்டன். பட்டரில பொரிச்சுச் சாப்பிட்டிட்டுத் தட்டத்தைக் கழுவித் தந்தவ. நல்ல மனிசி."

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் விட்டிருப்பியளோ? உந்த மீன் புளியில கொதிச்சால் கரைஞ்சு போகும். வெள்ளைக்காரர் வந்து, 'மலர் வைச்ச கூழ்' எண்டு சொல்லிப்போட்டுப் போறதுக்கோ? உங்கட ஓடைக்கு ஒரு தரமிருக்கெண்டால் என்ர சட்டிக்கும் ஒண்டு இருக்கு."

"நான் கையெழுத்து வைச்சிட்டனப்பா."

"நானோ வைக்கச் சொன்னனான்? உங்களுக்கு வாய் இருக்குத்தானே."

அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். அளவில் பிழையான பெட்டியைத் தன் கையாலேயே அனுப்பிவிட்டவன் எந்த ஆணியைக் குறை சொல்வது?

யூன் முதல் வாரத்தில் முடிவு வந்தது. அறுபத்தெட்டுப் புள்ளி. மூன்று நட்சத்திரம். ஹூபர் தொலைபேசியில் ஏறக்குறையப் பாடினார். லொறி இருபத்தெட்டாம் திகதி வருகிறது. அடுத்த வாரம் பாதையை வெட்டத் தொடங்குகிறார்கள். வரப்போவது வானவில் ட்ரவுட். நூற்றுநாற்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவிலிருந்து வந்து, இன்றைக்கும் அரசாங்கப் படிவங்களில் அந்நிய இனம் என்ற பெட்டிக்குள் இருக்கிற மீன். அதன் மேல் கதிர்காமநாதனுக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை, ஒருவகையில் சொந்தக்காரன் மாதிரித்தான். ஆனால் அதன் வாயின் அகலத்தை அவர் அளந்திருந்தார்.

"இன்னொன்று," என்றார் ஹூபர். "யூலையில் நட்சத்திர விழா. உன் மனைவியின் ட்ரவுட் குழம்பு எண்பது பேருக்கு. ஒன்றியத்தின் இணையப் பக்கத்திலும் போடுகிறார்கள்."

அன்று பின்னேரம் அவர் மேல் ஓடைக்கு ஏறிப் போனார். கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் அந்த வருடத்துக் குஞ்சுகள் நின்றன. ஒவ்வொன்றும் விரலில் பாதி நீளம், ஓட்டத்துக்கு முகம் கொடுத்து, அசையாமல் நீந்திக்கொண்டு. ஒரு கல்லின் நிழலில் மட்டும் பதினேழு எண்ணினார். அறுபத்துநான்கு பள்ளத்திலிருந்து வந்தவை. இருபத்தெட்டாம் திகதிக்கு இருபத்துமூன்று நாள் இருந்தது.

இறங்கி வரும்போது ஒரு கழித்தல் கணக்குப் போட்டார். அறுபத்தெட்டில் இருபத்தைந்து போனால் நாற்பத்துமூன்று. நாற்பத்துமூன்றுக்கு ஒரு நட்சத்திரம். ஒரு நட்சத்திரத்துக்கு லொறி இல்லை.

வீட்டில் தேவமலர் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். கதிர்காமநாதன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தார்.

"நான் உண்மையை எழுதப்போறன், மலர். ஊர் முழுக்கத் தெரியவரும். உம்மைப் பற்றி என்ன கதைப்பினமோ தெரியாது."

தேவமலர் கத்தியை வைத்துவிட்டு யோசித்தார்.

"எண்பது பேருக்குப் பாரை எண்டால் இராசலிங்கம் அண்ணையிட்டயும் இராது," என்றார். "எழுதுங்கோ. ஆனால் ஒண்டு. 'மனைவி தவறுதலாக' எண்டு மட்டும் எழுதக்கூடாது. நான் தவறுதலாச் செய்யேல்லை."

சும்மா எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று கதிர்காமநாதனுக்குப் பட்டது, சான்று வேண்டும். சனிக்கிழமை ட்ராமில் கார்ல்ஸ்ரூஹே போய், பாரை வந்த பெட்டியில் ஒட்டியிருந்த விபரத் துண்டைக் கேட்டார். இராசலிங்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"மீன் பழுதெண்டு சண்டைக்கு வந்த ஆக்களைக் கண்டிருக்கிறன், அண்ணை. மீன் திறமெண்டு வழக்குப் போட வந்த முதல் ஆள் நீங்கள்தான்."

"வழக்கில்லை. திருத்தம்."

"யாரும் கேட்டவையோ?"

"இல்லை."

"கேக்காமலே குற்றத்தை ஒப்புக்கொள்ளுறதுக்கு, காசு குடுத்து ட்ராம் ஏறி, ஆதாரமும் தேடி வாறியள்," என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் போய், கிழிந்த பெட்டி மட்டையோடு வந்தார். "உங்களுக்கு உந்த நாட்டுக் கடவுச்சீட்டுக் குடுத்தது சரிதான்."

கடிதம் ஒரு பக்கம். மே மாதம் பரிமாறப்பட்ட மீன் கால்ட்பாக்கில் பிடிக்கப்பட்டதல்ல; இணைத்துள்ள துண்டின்படி இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதியில் பிடிக்கப்பட்டது. சமைத்தவர் இதை அறிந்தும், தன் தொழிலின் தரம் கருதியும் செய்தார். கீழே கையெழுத்திட்டவர் முதல் மீன் துண்டிலேயே இதை அறிந்துகொண்டும் கையெழுத்திட்டார், தவறு அவருடையது. சுவைக்கு வழங்கப்பட்ட இருபத்தைந்து புள்ளியும் இந்து சமுத்திரத்துக்கு உரியவை.

ஃப்ராவ் வென்ட் மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"இதை எழுதித்தான் ஆகவேண்டுமா? நான் அறிக்கையில், 'வேறெதனோடும் குழப்ப முடியாத காட்டு ட்ரவுட்டின் சுவை' என்று எழுதிவிட்டேனே."

"வாசித்தேன். பாரைக்கு அது பெரிய கௌரவம்."

"மேசையில் வேறு யாருக்காவது தெரிந்ததா?"

"இல்லை. ஹேர் ஹூபர் கண்ணைத் திறந்துகொண்டுதான் சாப்பிட்டார், அவருக்கும் தெரியவில்லை."

மறுபக்கத்தில் சிறு நிம்மதி கேட்டது. தனியாக ஏமாறவில்லை என்பது உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். பத்து நாளில் ஒன்றியத்தின் திருத்தம் வந்தது. கடல் மீனுக்கென்று படிவத்தில் நெடுவரிசை இல்லாதபடியால் சுவைப் புள்ளி பூச்சியம். மொத்தம் நாற்பத்துமூன்று, நட்சத்திரம் ஒன்று. லொறி பக்கத்துப் பள்ளத்தாக்குக்குத் திருப்பப்பட்டது. பாதை வெட்டும் இயந்திரம் பதினெட்டு மீற்றர் வெட்டியிருந்தது, அதோடு நின்றது.

சங்கத்தில் அவசரக் கூட்டம். ஹூபர் எழுந்து நம்பிக்கைத் துரோகம் என்றார். நட்சத்திரம் போனது அவருக்குக் கோபம்தான்; ஐம்பது வருட நாக்கு போனது அதைவிடப் பெரிய கோபம்.

"நீ அங்கேயே சொல்லியிருக்கலாம், கதிர்."

"சொல்லியிருக்க வேண்டும். அது என் பிழை."

"இப்போது ஏன் சொன்னாய்?"

"இருபத்தெட்டாம் திகதிக்கு முன் சொல்லவேண்டியிருந்தது."

உறுப்பினர் ஒருவர் கையை உயர்த்தி, அந்தக் குழம்பில் போட்டது கொத்தமல்லியா வெந்தயமா என்று கேட்டார். ஒழுங்குப் பிரச்சினை என்று உட்கார வைத்தார்கள். பதவியிலிருந்து நீக்குவதற்குப் பதினான்கு, வேண்டாம் என்பதற்கு ஐந்து.

அன்றைக்கே பொறுப்புகளை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். அலுமாரித் திறப்பு, வெப்பமானி, வலை, பத்தொன்பது கோப்பு. கடைசியாக, இடுப்புவரை ஏறும் ரப்பர்க் காற்சட்டை. அது சங்கத்துச் சொத்து. உள்ளே முழங்காலில் அவர் நான்கு தடவை ஒட்டுப் போட்டிருந்தார். அதை மடித்து மேசையில் வைக்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் எடுத்தது. செயலாளர் பட்டியலைப் பார்த்து, "ஒரு காற்சட்டை, பழையது," என்று எழுதிக்கொண்டார். புதிய கண்காணிப்பாளருக்கு ஆள் கேட்டபோது எல்லோரும் குனிந்து குவளையைப் பார்த்தார்கள். அந்த இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. இந்த முறை குசினியிலும் ஆள் இருக்கவில்லை.

ஆவணி மாதம் ஒன்றியத்தின் இணையப் பக்கம் வெளிவந்தது. வேலை முடிந்து வந்து, குசினி மேசையில் கணினியைத் திறந்து, கால்ட்பாக்கைத் தேடினார். நாற்பத்தேழு ஓடைகளில் நாற்பத்தாறாவதாக இருந்தது. பெயருக்கு எதிரே தனியாக ஒரு நட்சத்திரம், கீழே மூன்று வரி.

"மீன்கள் மிகச் சிறியவை. வாகனத் தரிப்பிடம் கிடையாது. இதற்கென்றே வரவேண்டியதில்லை."

மூன்று தடவை வாசித்தார். அந்த ஓடையைப் பற்றி யாரும் இவ்வளவு நல்லதாக எழுதியதில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் இரண்டாவது வரி பிழை. பண்ணைக்காரரின் புல்வெளியில் எட்டு வாகனம் விடலாம்; அவர்களே அதற்குப் பன்னிரண்டு புள்ளி போட்டிருக்கிறார்கள். அவர் புதிய கடிதம் ஒன்றைத் திறந்து, "மதிப்பிற்குரிய ஃப்ராவ் வென்ட்" என்று எழுதினார். காற்புள்ளி போட்டார்.

பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, கணினியை மூடினார்.